வாய் கொப்பளிக்கும் மருந்துநீர்: எது, எவ்வளவு காலம்?

படலமும் அழற்சியும்

துலக்கிய சில மணி நேரத்திலேயே கிருமிகள் பல்லின்மேல் ஒட்டி, தாமே சுரக்கும் பசையால் ஒன்றோடொன்று பிணைந்து உருவாக்கும் மெல்லிய ஏடு பல் படலம் எனப்படுகிறது. அது ஈறு விளிம்பில் தங்கிவிட்டால் ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசியும். இந்நிலையே ஈறு அழற்சி. 1965-இல் வெளியான டேனிஷ் ஆய்வில், ஹரால்டு லோவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் நலமான ஈறுகளைக் கொண்ட 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் அது தணிந்தது.

குளோர்ஹெக்சிடின்

கொப்பளிப்பு மருந்துகளில் மிகுதியாக ஆராயப்பட்டதும் படலத்தைக் குறைப்பதில் வலியதும் இதுவே. நேர்மின்னூட்டம் கொண்ட இதன் மூலக்கூறு பல்லிலும் வாயின் உட்தோலிலும் பற்றிக்கொண்டு பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிப்படுவதால், கொப்பளித்துத் துப்பிய பின்னும் கிருமிகளைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. 0.2 விழுக்காட்டுக் கரைசலில் 10 மி.லி. கொப்பளித்தால் 20 மி.கி. மருந்தும், 0.12 விழுக்காட்டில் 15 மி.லி. கொப்பளித்தால் 18 மி.கி. மருந்தும் வாய்க்குள் செல்வதால், புட்டியின்மேல் உள்ள விழுக்காட்டை மட்டும் பார்த்து ஒன்றை வலிமை மிக்கதென்று தேர்வது பொருளற்றது.

51 ஆய்வுகளைத் தொகுத்த 2017-ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, துலக்குதலோடு சேர்த்து 4 முதல் 6 வாரங்கள் இதைப் பயன்படுத்தியோரிடம் படலம் பெரிதும் குறைந்ததை உறுதி செய்தது. ஆனால், இலேசான அழற்சி உடையோரிடம் அழற்சியில் ஏற்பட்ட குறைவு, 0 முதல் 3 வரையான அளவுகோலில் ஏறத்தாழ 0.2 மட்டுமே என்பதால், மருத்துவ நோக்கில் அது பெரிய பயன் அன்று. பல்லில் பழுப்புக் கறை படிவதும், சுவை மாறுவதும், பற்காறை மிகுவதும் நீடித்த பயன்பாட்டின் விளைவுகள். ஆகவே, பல் அறுவைக்குப் பின்னரோ, துலக்க இயலாத சில வாரங்களிலோ மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும் கையாள வேண்டிய இம்மருந்தை ஆண்டு முழுவதும் அன்றாடப் பழக்கமாக்குவது தவறு. பற்பசையிலுள்ள சோடியம் லாரில் சல்ஃபேட் என்னும் நுரைப்பொருள் இதன் ஆற்றலைக் குறைக்கக்கூடும் என்பதால், துலக்கிய அரை மணி நேரம் கழித்துக் கொப்பளிப்பது நன்று.

நறுமண எண்ணெய்களும் பிறவும்

ஓமத்திலுள்ள தைமால், யூகலிப்டால், மென்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகியவை கலந்த மருந்துநீர் படலத்தைக் குறைப்பதில் குளோர்ஹெக்சிடினுக்குப் பின்தங்கினாலும், நீண்டகாலப் பயன்பாட்டில் ஈறு அழற்சியைத் தணிப்பதில் அதற்கு ஏறக்குறைய இணையாக நிற்பதாலும், கறை குறைவு என்பதாலும், நாள்தோறும் பயன்படுத்த இதுவே பொருத்தமானது. வாய் உலர்வோர் ஆல்கஹால் கலவாத வகையைத் தேர்வது நல்லது. செட்டில்பிரிடினியம் குளோரைடு கலந்தவை ஓரளவே பயன் தருகின்றன.

நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு அழற்சியைக் குறைத்ததாக 2009-இல் சென்னை ஆய்வொன்று தெரிவித்தது. எனினும், 20 வளரிளம் சிறுவர்களிடம் மட்டும் நடந்த ஆய்வு முடிந்த முடிவாகாது.

மருந்துநீர் எட்டாத இடம்

முதிர்ந்த படலத்தின் அடியடுக்கையும் ஈறுக்கும் பல்லுக்கும் இடையே ஆழ்ந்த பள்ளங்களையும் எந்தக் கொப்பளிப்பும் போதிய அளவு எட்டுவதில்லை. கெட்டிப்பட்ட பற்காறையைக் கரைப்பதுமில்லை. தூரிகையின் உராய்வும் பல்லிடுக்குத் தூய்மையும் முதன்மையானவை. இரு வாரங்கள் செவ்வனே துலக்கியும் இரத்தக் கசிவு நிற்காதவர்கள், குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும், மருந்துநீரை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்தாமல் பல் மருத்துவரிடம் காறையை நீக்கிக்கொள்ள வேண்டும்.