ஒரு கிலோவுக்குள் ஒரு கணினி

மடிக்கணினி உலகில் எடை குறையக் குறைய விலை ஏறும் என்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. 1996இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் வெளியிட்ட லிப்ரெட்டோ கைக்கு அடக்கமான முழுக் கணினிதான் எனினும், உறுப்புகளைச் சுருக்கிச் செய்வது செலவு மிகுந்த வேலையாக இருந்தமையால், அது வசதி படைத்தோர் கையிலேயே தங்கியது. இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிய கருவி 2007 அக்டோபரில் தைவானில் விற்பனைக்கு வந்தது. ஏசுஸ் நிறுவனத்தின் ‘ஈ பிசி 701’ என்னும் அக்கருவி, ஏழு அங்குலத் திரையும், 512 மெகாபைட் நினைவகமும், நான்கு கிகாபைட் சேமிப்பிடமும் கொண்டு, ஒரு கிலோவுக்கும் குறைந்த எடையில், அமெரிக்கச் சந்தையில் சுமார் 400 டாலருக்குக் கிடைத்தது. இவ்வகைக் கணினிகளுக்கு ‘நெட்புக்’ என்னும் பெயர் அடுத்த ஆண்டிலேயே நிலைத்துவிட்டது.

இதற்கான தூண்டுதல் வணிகத்திலிருந்து மட்டும் வந்ததன்று. ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி தரலாம் என்று நிக்கோலஸ் நெக்ரோபான்டே 2005இல் அறிவித்த திட்டம், உற்பத்திக்கு வந்தபோது 200 டாலரை நெருங்கிவிட்டாலும், உருகுவே நாட்டில் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்களின் கைகளைச் சென்றடைந்தது. குறைந்த விலையில் ஒரு கணினியைச் செய்ய முடியும் என்பதையும், அதை விரும்பி வாங்க ஆள் இருக்கிறது என்பதையும் பெருநிறுவனங்களுக்கு உணர்த்திய பெருமை அத்திட்டத்துக்கு உண்டு.

விலை எவ்வாறு குறைந்தது என்பதே இதில் ஊன்றிப் பார்க்கத்தக்க செய்தி. 701இன் வடிவமைப்பாளர்கள் ஒரு பெரிய கணினியை மலிவாகச் செய்ய முனையவில்லை. மின்னஞ்சல் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இணையத்தில் படிப்பதற்கும் எது போதும் என்று கேட்டு, அதற்கு மேற்பட்டவற்றை விட்டுவிட்டார்கள். சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக அசையும் பாகமே இல்லாத ஃபிளாஷ் சேமிப்பை வைத்ததால், பையில் குலுங்கினாலும் தகவல் கெடும் அச்சம் குறைந்தது. விண்டோஸுக்குப் பதிலாகக் கட்டற்ற மென்பொருளான லினக்ஸின் ஒரு வகையை நிறுவியதால், இயங்குதளத்துக்கு, அதாவது கணினியின் பாகங்களையும் மென்பொருள்களையும் ஒருங்கே நடத்தும் அடிப்படை மென்பொருளுக்கு, ஆகும் உரிமச் செலவும் சுருங்கியது. 701ஐத் தொடர்ந்து வந்த நெட்புக்குகளுக்காக 2008இல் இன்டெல் வெளியிட்ட ஆட்டம் என் 270 செயலி இரண்டரை வாட் அளவிலான வெப்பத்தையே வெளிவிட்டது. அக்காலத்து வழக்கமான மடிக்கணினிச் செயலிகள் 25 முதல் 35 வாட் வரை எடுத்துக்கொண்டதை நினைத்தால், மின்கலத்துக்கு அதனால் கிடைத்த நன்மை விளங்கும்.

இந்தத் தெளிவு நெடுநாள் நீடிக்கவில்லை என்பதே வருத்தத்துக்குரியது. விண்டோஸின் அப்போதைய புதிய பதிப்பான விஸ்டாவின் சுமையைத் தாங்க முடியாத இச்சிறு கணினிகளுக்காக, மைக்ரோசாஃப்ட் தன் பழைய எக்ஸ்பி பதிப்பின் ஆயுளை நீட்டித்தது. மக்கள் பழகிய விண்டோஸையே கேட்டார்கள். நிறுவனங்களும் அதைக் கொடுத்தன. திரை பத்து அங்குலமாக வளர்ந்தது, வன்தட்டு திரும்பி வந்தது, விலையும் ஏறியது. பெரிய கணினியின் வேலையை எதிர்பார்த்து வாங்கியவர்கள் ஒரு கிகாபைட் நினைவகத்தில் அது மூச்சுத் திணறுவதைக் கண்டு ஏமாந்தார்கள். 2010இல் வந்த ஐபேட், படிப்பதையும் பார்ப்பதையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 2012 முடிவதற்குள் நெட்புக் என்னும் பெயரே சந்தையிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. சிறுமை அக்கருவியின் குறையன்று. தன்னைப் பெரியதாகக் காட்டிக்கொள்ள அதை வற்புறுத்தியதே குறை.

அதே பிழை இன்றைய மலிவு மடிக்கணினிகளிலும் வேறு உருவில் தொடர்கிறது. இவற்றில் பல ‘இஎம்எம்சி’ எனப்படும் சேமிப்புடன் வருகின்றன. இது தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட ஃபிளாஷ் நினைவகமாதலால், பழுதானாலோ போதாமற்போனாலோ கழற்றி மாற்ற இயலாது. 32 கிகாபைட் அளவில் விண்டோஸை நிறுவிவிட்டால், அதன் அடுத்த பெரிய புதுப்பித்தலுக்கே இடம் இல்லாமற்போவதும் உண்டு. நினைவகமும் இவ்வாறே பற்றவைக்கப்பட்டிருப்பின், வாங்கும் நாளில் உள்ள அளவே கடைசி நாள் வரையிலான அளவு. ஒப்பிட்டுப் பார்த்தால், 701இன் அடிப்புறத்தில் ஒரு சிறு மூடியைத் திறந்து நினைவகத்தை எவரும் கூட்டிக்கொள்ள முடிந்தது. குரோம்புக் வகையை நாடுவோர், அந்த மாதிரிக்குக் கூகுள் எந்த ஆண்டு வரை புதுப்பித்தல் தரும் என்பதை முதலில் பார்ப்பது இன்றியமையாதது. பழைய மாதிரி கடையில் மலிவாகக் கிடைப்பதற்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டதே காரணமாகவும் இருக்கலாம். பழைய நெட்புக்கை வைத்திருப்போருக்கும் ஒரு நெருக்கடி உண்டு. என் 270 ஒரு 32-பிட் செயலி. 2025இல் வெளியான டெபியன் லினக்ஸின் 13ஆம் பதிப்பு அவ்வகைக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

தமிழில் எழுதுவோர் சிறிய கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது, விலைப்பட்டியல் எதுவும் சொல்லாத மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஐந்து எழுத்துகளும் ஆங்கிலத்தில் அடைப்புக்குறிக்கும் நிறுத்தற்குறிக்கும் உரிய வலப்புற விசைகளில் அமைந்திருக்கின்றன. இடம் போதாதபோது சிறு மடிக்கணினி செய்வோர் குறுக்குவதும் இடம் மாற்றுவதும் பெரும்பாலும் இந்த ஓரத்து விசைகளையே. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு எப்போதாவது தட்டுப்படும் இக்குறை, தமிழில் எழுதுவோருக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வரியிலும் தட்டுப்படும். ஆகவே கடையில் செயலியின் வேகத்தைக் கேட்பதற்கு முன், விரல்களை விசைப்பலகையில் வைத்து இரண்டு மூன்று தமிழ் வாக்கியங்களைத் தட்டச்சு செய்து, வலக்கைச் சுண்டுவிரல் அந்த ஐந்து எழுத்துகளையும் தடுமாறாமல் எட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.