இறந்தும் இறவாதவன்

சென்ற ஆண்டு கல்லறைத் திருநாளன்று மாலை, மந்திரிப்பு முடிந்து, மெழுகுதிரிகள் உருகிக்கொண்டிருந்த கல்லறைத் தோட்டத்தை விட்டு நாம் வெளியே வரும்போது, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தி நம்மை வழிமறித்தாள். "சுவாமி, டிராகுலா பாடுபட்ட சுரூபத்தைக் கண்டால் நடுங்குவானாமே, உண்மையா?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்ற அவளுடைய பாட்டி, "கேட்கிற கேள்வியைப் பார், கேட்கிற நாளையும் பார்" என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

"கதையில் நடுங்குகிறான், கதைக்கு வெளியே அவன் இல்லவே இல்லை" என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தோம். அது சரியான பதில் அன்று என்பது பங்கு இல்லத்தை அடையுமுன்னரே நமக்குத் தெரிந்துவிட்டது. இல்லாத ஒருவனைப் பற்றி நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் ஏன் ஓயாமல் படித்துக்கொண்டும் பார்த்துக்கொண்டும் இருக்கிறது? அந்தப் பிள்ளை கேட்க வந்தது இதைத்தான் என்று நமக்குத் தோன்றிற்று.

இரத்தக் காட்டேரி என்று தமிழில் நாம் வழங்கும் இந்தப் பாத்திரம் நம் நாட்டு வேதாளத்தின் உடன்பிறப்பு அன்று. விக்கிரமாதித்தனின் தோளில் தொங்கிக்கொண்டு கதை சொல்லிவிட்டு, அவன் வாய் திறந்ததும் முருங்கை மரம் ஏறிவிடும் வேதாளத்துக்கு இரத்தத்தின்மேல் நாட்டம் இல்லை, புதிர்களின்மேல்தான் நாட்டம். ஆயினும் ரிச்சர்டு பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் அக்கதைகளை 1870-இல் தம் மொழியில் திருத்தி எழுதியபோது, வேதாளத்துக்கு 'வாம்பயர்' என்றே பெயரிட்டார். அந்தப் பர்ட்டனைப் பின்னாளில் டிராகுலாவின் ஆசிரியர் நேரில் சந்தித்து, அவருடைய கோரைப்பல்லைக் கண்டு வியந்து எழுதியும் வைத்திருக்கிறார் என்பது ஒரு வேடிக்கையான செய்தி.

உண்மையான பிறப்பிடம் கிழக்கு ஐரோப்பாவின் ஏழைக் கிராமங்கள். 1725-ஆம் ஆண்டு, அந்நாளில் ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த செர்பியாவில், கிசிலோவா என்ற சிற்றூரில் பீட்டர் என்ற குடியானவர் இறந்து அடக்கம் செய்யப்பட்டார். அதன்பின் எட்டு நாள்களுக்குள் அவ்வூரில் ஒன்பது பேர் மாண்டனர். இரவில் பீட்டர் வந்து தங்கள்மேல் படுத்து மூச்சை அடைத்ததாக அவர்கள் சாகுமுன் கூறினராம். அவர் மனைவியோ, கணவர் வந்து தம் காலணிகளைக் கேட்டதாகச் சொல்லிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டாள். மக்கள் கல்லறையைத் திறந்தார்கள்; உடல் அழுகாதிருந்தது, வாயில் இரத்தம் காணப்பட்டது; கூரிய மரத்தை உடலில் பாய்ச்சி, பின்பு எரித்தார்கள். உடனிருந்த அரசு அதிகாரி அனுப்பிய அறிக்கை வியன்னா நகரச் செய்தித்தாளில் அச்சேறி ஐரோப்பா எங்கும் பரவிற்று.

அந்தக் காலணிகளை வாசகர்கள் சற்றே நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். பிற்காலக் கதைகளில் வருபவன் யாரோ ஒரு பிரபு, கோட்டைக்காரன், அந்நியன். கிராமத்தார் அஞ்சியதோ அந்நியனை அன்று. சொந்தக் கணவனை, தமையனை, மாமனை. வீட்டு வழி அறிந்தவன் திரும்பி வந்து, தன் பொருள்களைக் கேட்கிறான். அன்பும் அச்சமும் ஒரே முகத்தில் கூடி நிற்கும் அந்த நிலையிலிருந்தே இக்கதை பிறந்தது.

அழுகாத உடலும் வாயில் இரத்தமும் எப்படி வந்தன? மண்ணுக்குள் குளிர்ந்த இடத்தில் உடல் மெல்லவே அழுகும். உள்ளே காற்று உண்டாகி உடல் உப்பும், கொழுத்துவிட்டதுபோல் தோன்றும். அந்த அழுத்தத்தால் சிவந்த நீர் வாய்க்கும் மூக்குக்கும் ஏறி வரும். மேல்தோல் உரிந்து கீழ்த்தோல் தெரியும்போது புதுத்தோல் முளைத்ததென்று எண்ணத் தோன்றும். மரத்தைப் பாய்ச்சினால் உள்ளிருக்கும் காற்று தொண்டை வழியே வெளியேறி முனகல்போல் கேட்கும். கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதன் பொருளை அறியாதிருந்தார்கள், அவ்வளவே.

இவ்விடத்தில் திருச்சபையின் பங்கையும் சொல்லவேண்டும். ஏனெனில் இம்மூடநம்பிக்கையைக் குருக்களே வளர்த்தனர் என்று எண்ணுவோர் உண்டு. லொரேன் நாட்டில் செனோன் மடத்தின் அதிபராயிருந்த அகுஸ்தீன் கல்மே என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி, விவிலிய விளக்கவுரைகளால் புகழ்பெற்றவர், 1746-இல் இரத்தக் காட்டேரிகளைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். கேட்ட கதைகளையெல்லாம் பொறுமையாகத் தொகுத்து ஆராய்ந்து, நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்ற முடிவையே நோக்கிச் சென்றார். ஆனால் வாசகர்கள் முடிவைவிட்டுக் கதைகளை நினைவில் வைத்துக்கொண்டார்கள்! ஞாயிற்றுப் பிரசங்கத்தில் நமக்கும் நேர்வது இதுவே. திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரும் இவை அச்சத்தாலும் கற்பனையாலும் விளைந்தவை என்றே கருதினார். 1755-இல் பேரரசி மரிய தெரேசா தம் மருத்துவர் வான் சுவீட்டனின் அறிக்கையைப் பெற்று, பிணங்களைத் தோண்டி எரிக்கும் வழக்கத்துக்குத் தடை விதித்தார். வால்டேர் மட்டும், மக்கள் இரத்தத்தை உறிஞ்சுவோர் பகல் வெளிச்சத்திலேயே வாணிபம் செய்யும் பெரும்புள்ளிகள் என்று கேலி செய்து, அந்தப் பட்டியலில் துறவிகளையும் சேர்த்துவிட்டார். அதற்கு நாம் மறுப்பு எழுதப் போவதில்லை. சில காலங்களில் சில மடங்களைப் பற்றி அவர் சொன்னது முழுப்பொய்யும் அன்று.

தடைகளுக்குப் பின்னும் அந்த அச்சம் சாகவில்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் எக்ஸிட்டர் என்னும் ஊரில், பிரவுன் என்ற உழவர் குடும்பத்தில், காசநோய் முதலில் தாயையும் அடுத்து மூத்த மகளையும் கொண்டுபோயிற்று. 1892 சனவரியில் பத்தொன்பது வயது மெர்சியும் இறந்தாள். மகன் எட்வின் நோயுற்றுக் கிடந்தான். இறந்தவர்களில் ஒருவரே அவனை உறிஞ்சுகிறார் என்று அயலார் நெருக்க, தந்தை இசைந்தார். மார்ச்சு மாதத்தில் மூவரின் உடல்களையும் சோதித்தார்கள். மற்ற இருவரும் எலும்பாயிருக்க, கடுங்குளிரில் இரண்டு மாதங்களே கிடந்த மெர்சியின் உடல் மட்டும் கெடாதிருந்தது. அவளுடைய இதயத்தை எரித்து, அந்தச் சாம்பலை நீரில் கலந்து தமையனுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதங்களுக்குள் அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் கண்டறிந்து அப்போது பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தத் தந்தையைக் கொடியவர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மனைவியையும் இரு மகள்களையும் புதைத்தவர், எஞ்சிய மகனுக்காக யார் எது சொன்னாலும் செய்யத் துணிந்தார்.

இலக்கியத்தில் இரத்தக் காட்டேரி நுழைந்த வரலாறு வேறு வகையானது. 1815-இல் இந்தோனேசியத் தீவொன்றில் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமற் போயிற்று. செனீவா ஏரிக்கரை மாளிகையில் மழைக்கு அடைபட்டுக் கிடந்த கவிஞர் பைரனும் நண்பர்களும் பேய்க்கதை எழுதப் போட்டியிட்டனர். அங்கே உருவாகத் தொடங்கியதே மேரி ஷெல்லியின் 'பிராங்கென்ஸ்டைன்'. பைரனின் மருத்துவரான பொலிடோரி 1819-இல் வெளிவந்த தம் கதையில், காலணி கேட்கும் குடியானவனை நீக்கிவிட்டு, விருந்துகளில் உலவும் வெளிறிய பிரபு ஒருவனை வைத்தார். அன்றுமுதல் அவன் பிரபுவாகவே நீடித்தான். 1872-இல் அயர்லாந்தின் லெ பானு 'கார்மில்லா'வைப் படைத்தார். பின் 1897-இல் வந்தது 'டிராகுலா'.

அதன் ஆசிரியர் பிராம் ஸ்டோக்கர் 1847-இல் தப்ளின் நகரருகே பிறந்தவர். ஏழு வயதுவரை படுக்கையில் கிடந்த நோஞ்சான் குழந்தை. 1832-இல் ஸ்லைகோ ஊரை வாந்திபேதி சூறையாடியதைத் தாம் கண்டபடி அவருடைய தாய் அவருக்குக் கதையாகச் சொல்வாராம். உயிர் பிரியுமுன்னே புதைக்கப்பட்டோர் கதைகளும் அவற்றில் உண்டு. நோயாளிப் பிள்ளைக்குச் சொல்லத்தக்க கதைகளா என்று கேட்காதீர்கள். தாய்மார் தம் நெஞ்சில் உள்ளதைத்தானே சொல்வார்கள்! டிராகுலா வாழும் டிரான்சில்வேனியாவுக்கு ஸ்டோக்கர் ஒருநாளும் சென்றதில்லை. 'டிராகுலா' என்ற பெயரை இங்கிலாந்தின் விட்பி என்ற கடற்கரை ஊர் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் கண்டெடுத்தார்.

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆயினும் அவர் நூலில் நம் பக்திப் பொருள்கள் நிறைந்து கிடக்கின்றன. கோட்டைக்குப் புறப்படும் இளம் ஆங்கிலேயனுக்கு, விடுதிக்காரி தன் கழுத்திலிருந்த பாடுபட்ட சுரூபத்தைக் கழற்றித் தருகிறாள். அதைச் சிலை வழிபாடு என்று கற்பிக்கப்பட்டு வளர்ந்த அவன் தயங்கி, அந்தத் தாயின் மனம் நோகாதிருக்க ஏற்றுக்கொள்கிறான். சில நாள்களில் அதுவே தன்னைக் காப்பதாக உணர்கிறான். முதல் அத்தியாயத்தின் அந்தச் சிறு காட்சி, நூலின் எல்லாப் பயங்கரங்களையும்விட நம் மனத்தைத் தொட்டது.

ஆனால் வான் ஹெல்சிங் என்ற முதிய அறிஞர் செய்வதை நம்மால் ஒப்புக்கொள்ள இயலாது. திவ்விய நற்கருணை அப்பத்தைப் பொடித்து மாவுடன் பிசைந்து கல்லறைக் கதவின் இடுக்குகளை அடைக்கிறார்! கேட்டால், அதற்குத் தம்மிடம் 'பலன்' இருப்பதாகக் கூறுகிறார். பலன் என்பது மன்னிக்கப்பட்ட பாவத்துக்குரிய தற்காலிகத் தண்டனையைக் குறைப்பது. எதை வேண்டுமானாலும் செய்யலாமென்ற அனுமதிச் சீட்டன்று. குருமடத்தில் முதலாண்டு மாணவரும் இதைச் சொல்லிவிடுவார். ஸ்டோக்கருக்குத் தெரிந்த கத்தோலிக்கக் குரு எவரும் கையெழுத்துப் பிரதியைப் படிக்கவில்லை போலும்.

இந்தத் தவறுக்கு உள்ளே ஒரு கூரிய உணர்வும் இருக்கிறது. உயிர் இரத்தத்தில் இருப்பதால் அதை உண்ணலாகாது என்று லேவியர் நூல் விலக்குகிறது. திருப்பலியில் ஆண்டவர் தம் இரத்தத்தைத் தாமே அளிக்கிறார். டிராகுலாவோ பிறர் இரத்தத்தை எடுத்து, தான் மட்டும் சாகாதிருக்கிறான். நம் மறையின் நடுவிலுள்ள ஒன்றை அப்படியே தலைகீழாக்கியது அவனுடைய பந்தி. இன்னொன்று: வீட்டார் ஒருவர் அழைத்தாலன்றி முதன்முறை அவனால் ஒரு வீட்டுக்குள் நுழைய இயலாது. சோதனையைப் பற்றி நாம் மறைக்கல்வியில் கற்பிப்பதற்கு இது வெகு அருகில் நிற்கிறது. சூரிய ஒளி பட்டு அழிவான் என்பதோ நூலில் இல்லை; அங்கே அவன் பட்டப்பகலில் இலண்டன் தெருவில் நடக்கிறான். 1922-இல் செர்மனியில் வந்த 'நொஸ்பெராட்டு' என்ற மௌனப் படமே அதைப் பரப்பிற்று. அனுமதியின்றி எடுத்த படம் என்று ஸ்டோக்கரின் மனைவி வழக்காட, படச்சுருள்கள் அனைத்தையும் அழிக்க நீதிமன்றம் 1925-இல் ஆணையிட்டது. சில பிரதிகள் எப்படியோ தப்பின. 2024-இல் அக்கதையை மீண்டும் படமாக எடுத்தும் விட்டார்கள்.

பின்வந்த நூல்களுள் நம்மை நிறுத்தி வைத்தது ஒன்றே. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த ஆன் ரைஸ் என்ற எழுத்தாளர், இளமையில் விசுவாசத்தை விட்டு விலகியவர். 1972-இல் அவருடைய மகள், ஆறு வயது நிறையுமுன், இரத்தப் புற்றுநோயால் இறந்தாள். அதன்பின் அவர் எழுதி 1976-இல் வெளிவந்த நூலில் கிளாடியா என்ற சிறுமி வருகிறாள். ஐந்து வயதில் இரத்தக் காட்டேரி ஆக்கப்பட்டு, ஆண்டுகள் பல கடந்தும் குழந்தை உடலிலேயே அடைபட்டிருக்கிறாள். இரத்த நோயால் மகளை இழந்த தாய், இரத்தத்தாலேயே சாகாத குழந்தையை எழுதினார். அக்குழந்தைக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. கதையின் போக்கில் அவளும் அழிந்து போகிறாள். தம் மகளையே எழுதுகிறோம் என்று எழுதும்போது தாம் உணரவில்லை என்று அவர் பின்னர் கூறினார். 1998-இல் திருச்சபைக்குத் திரும்பிய அவர், 2010-இல் மீண்டும் விலகுவதாக அறிவித்தார்; 2021-இல் காலமானார். அவரைத் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. அவர் பெயரைத் திருப்பலியில் ஒருமுறை நினைவுகூர்ந்தோம்.

இதை அறிந்த பிறகுதான் நம் பழைய பிழை ஒன்று நமக்கு விளங்கிற்று. நாம் இளங்குருவாய் ஒரு மாணவர் விடுதியின் பொறுப்பிலிருந்த காலம். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன், இரவு செபத்துக்குப் பின் போர்வைக்குள் கைவிளக்கு வைத்து, டிராகுலாவின் சுருக்கப் பதிப்பைப் படித்துக்கொண்டிருந்தான். "பேய்ப் புத்தகமா?" என்று பிடுங்கிக்கொண்டு, மறுநாள் எல்லார் முன்னிலையிலும் அவனை முழந்தாளிட வைத்தோம். அவன் தந்தை கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அது நமக்குத் தெரியும். தெரிந்தும், அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை. "சுவாமி, அதில் செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள்" என்று அவன் முணுமுணுத்தான். வாயாடுகிறான் என்று எண்ணி, மேலும் கால் மணி நேரம் கூட்டினோம்.

கல்லறைத் திருநாள் கழிந்த வாரம் அந்தப் புத்தகத்தை நம் அலமாரியின் அடித்தட்டில் தேடி எடுத்தோம். இப்போது அவன் இரு பிள்ளைகளுக்குத் தந்தை. பக்கத்து மறைவட்டத்தில் இருக்கிறான். தொலைபேசியில் அழைத்து, வந்து வாங்கிக்கொள்ளுமாறு சொன்னோம். ஞாயிறன்று மனைவி மக்களோடு வந்தான். புத்தகத்தைக் கையில் வாங்கி, பின்னட்டையில் ஒட்டியிருந்த பள்ளி நூலகச் சீட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நாம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அவன் சிரித்தான்.

"இது தொலைந்துவிட்டதென்று சொல்லி அம்மா அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் பதினெட்டு ரூபாய் அபராதம் கட்டினார்கள், சுவாமி" என்றான்.

பதினெட்டு ரூபாயை எடுத்துக் கொடுத்தோம். அவனுடைய இளைய மகள் அதை வாங்கிக்கொண்டாள்.