வீராணத்தில் நின்ற வண்டி

நமது சங்கக் கூட்டங்களில் 'பொன்னியின் செல்வன்' பேச்சு எழுந்தால் நான் காபி எடுக்கும் சாக்கில் நழுவிவிடுவேன். காரணத்தை இன்று ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் அதை முழுதாகப் படித்தவன் அல்ல. மல்காஜ்கிரியில் இப்படியும் ஒரு தமிழனா என்று அன்பர்கள் அதிர்ச்சி அடையலாம்.

புத்தகமே ஆகாதவன் என்று எண்ண வேண்டாம். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலை இரண்டே இரவில் முடித்தேன். நம் செகந்திராபாத், லான்ஸர் பாரக்ஸ், 1948-ஆம் ஆண்டுக் குழப்பம் எல்லாம் அதில் உண்டு. கல்கியிடம்தான் என் வண்டி நகரவில்லை.

என் மனைவி கும்பகோணத்துக்காரி. 1988-இல் திருமணமானபோது சீர்வரிசையோடு ஐந்து தடித்த கட்டுகளும் வந்தன. 1950 முதல் 1954 வரை தொடர் வெளிவந்தபோது, அவள் தாயார் 'கல்கி' இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மணியம் படங்களோடு தைத்து வைத்தவை. ஆசையாகத்தான் பிரித்தேன். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையேறி வருகிறான் அல்லவா? அங்கே 74 கணவாய்கள், அதாவது மதகுகள், என்கிறார் கல்கி. டிப்ளமா படித்த புத்தி அங்கேயே நின்றுவிட்டது. மதகுக்கு மதகு எவ்வளவு தூரம், வெள்ளம் மிஞ்சினால் கலிங்கு தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். குதிரை போய்விட்டது.

பிறகு கால் முறிந்து கிடந்தபோது முதல் பாகம் முடித்தேன். 2020 ஊரடங்கில் இலங்கைக் காடுவரை போய்த் திரும்பிவிட்டேன். அத்தியாயம் முடிகிற இடத்திலெல்லாம் ஒரு அலறல், அல்லது மரத்தின் பின்னால் ஓர் உருவம். ஹோம் சிக்னலில் நிறுத்தி நிறுத்தி வண்டி ஓட்டினால் யாருக்குப் பொறுமை இருக்கும்? மணிரத்னத்தின் படங்கள் 2022-லும் 2023-லும் வந்தபோது, ஐந்தரை மணி நேரத்தில் கதை தெரிந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்றிருந்தேன்.

இரண்டு வருடம் முன்பு மனைவிக்குக் கண் நரம்பு கெட்டு, அச்செழுத்து பிடிபடாமல் போயிற்று. "என்னங்க, அம்மா புத்தகத்தைக் கொஞ்சம் வாசிங்களேன்" என்றாள். மறுக்க முடியுமா?

வாசிக்கத் தொடங்கியபின் ஒரு கணக்குப் போட்டேன். மொத்தம் 293 அத்தியாயம்; தொடர் வந்ததோ மூன்றரை ஆண்டு. வாரத்துக்கு ஒன்றரை அத்தியாயம் சுமார். வாரக் கணக்கில் இறக்க வேண்டிய சரக்கை நான் ஒரே ராத்திரியில் இறக்கப் பார்த்திருக்கிறேன்! இப்போது புதனும் சனியும், விளக்கேற்றியபின், ஒவ்வோர் அத்தியாயம். அலறல் வந்ததும் "போதும், மிச்சம் சனிக்கிழமை" என்று அவள் எழுந்துவிடுவாள். இரண்டு நாள் தவிப்பது நான்தான். நந்தினி பேசும் பேச்சு நீளம் என்பதில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

போன மாதம் நான்காம் பாகத்தில் ஒரு பக்கம் வெறும் தாளாக இருந்தது. 'இந்த வாரம் கிடைக்கவில்லை' என்று மாமியார் பென்சிலால் எழுதியிருந்தார். கடையில் அச்சுப் புத்தகம் வாங்கி வருகிறேன் என்றேன்.

"எதுக்கு? அம்மா அடுத்த வீட்டு மாமிகிட்டே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு எனக்குச் சொல்லியிருக்காங்க. உட்காருங்க" என்றாள்.

அரைமணி நேரம் சொன்னாள். நான் புத்தகத்தை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.