கரடி 60-ஐத் தொடாத வருஷம்

2020 மார்ச் 23. எஸ்&பி 500 குறியீடு 2,237-ல் முடிந்த நாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் 3,386. அதாவது 34% காலி. என்னிடம் கடன் பத்திர ஃபண்டில் கொஞ்சம் பணம் இருந்தது, அமெரிக்காவில் வேலை பார்த்த வருஷங்களில் 401-கே கணக்கில் சேர்ந்தது. அதை எப்போது பங்குக்கு மாற்றுவது என்று நானே பைத்தானில் எழுதி வைத்த விதியும் இருந்தது. விதி 'காத்திரு' என்றது. காத்திருந்தேன். ஆகஸ்ட் 18-ல் குறியீடு பழைய உச்சத்தைத் தாண்டிப் போயிற்று. பணம் கடன் பத்திரத்திலேயே உட்கார்ந்திருந்தது.

அந்த விதியின் கதை இதுதான். அமெரிக்கத் தனிநபர் முதலீட்டாளர் சங்கம், சுருக்கமாக ஏஏஐஐ, 1987-லிருந்து தன் உறுப்பினர்களிடம் வாராவாரம் ஒரே கேள்வி கேட்கிறது: அடுத்த ஆறு மாசத்தில் பங்குச் சந்தை ஏறுமா, அப்படியே இருக்குமா, இறங்குமா? ஏறும் என்பவர் காளை, இறங்கும் என்பவர் கரடி. நீண்ட கால சராசரியில் காளை 38% பக்கம், கரடி 31% பக்கம்.

இதைத் தலைகீழாகப் படிக்க வேண்டும் என்பது பழைய யோசனை. எல்லாரும் பயந்துவிட்டால் விற்க வேண்டியவர்கள் எல்லாம் விற்று முடித்திருப்பார்கள், இனி விற்க ஆள் இல்லை. தரவும் ஆசை காட்டும். 2000 ஜனவரி முதல் வாரத்தில் காளை 75%. மார்ச்சில் சந்தை உச்சம் தொட்டு, 2002 அக்டோபருக்குள் பாதியாகிவிட்டது. 2009 மார்ச் 5 அன்று கரடி 70.3%; நாலே நாளில், மார்ச் 9-ல், சந்தை அடி கண்டது. இப்படி ஒரு வரைபடத்தைப் பார்த்த எந்த இன்ஜினியர் கோடு எழுதாமல் இருப்பான்? கரடி 60% தாண்டினால் கடன் பத்திரத்தை விற்றுப் பங்கு வாங்கு. பேக்டெஸ்ட் பிரமாதமாக வந்தது.

2020-ல் என்ன ஆச்சு? மார்ச்சில் கரடி 52% வரைக்கும் வந்து நின்றுவிட்டது. 60-ஐத் தொடவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், சந்தை அடியிலிருந்து கால் பங்குக்கு மேல் ஏறிவிட்ட மே முதல் வாரத்திலும் கரடி 50%-க்கு மேல்தான். ஆனால் சந்தையின் அச்சத்தை ஆப்ஷன் விலையிலிருந்து கணக்கிடும் விக்ஸ் குறியீடு மார்ச் 16 அன்றே 82.69-ல் முடிந்திருந்தது. இரண்டுமே 'மனநிலை'தான். ஒன்று அலறுகிறது, இன்னொன்று தோளைக் குலுக்குகிறது.

ஆற அமர உட்கார்ந்து பார்த்தபோது என் தப்பு புரிந்தது. 1987-லிருந்து 1,700 வாரத் தரவு இருக்கிறது என்று பெருமையாக நினைத்திருந்தேன். ஆனால் கரடி 60-ஐத் தாண்டிய தனித்தனிச் சம்பவங்கள் அதுவரை எத்தனை? 1990 ஒன்று, 2008-09 ஒன்று. அவ்வளவுதான்! இரண்டு சம்பவத்தை வைத்து ஒரு வரம்பைப் பொருத்திவிட்டு அதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருந்தேன். அந்த இரண்டில் ஒன்றும் சுத்தமில்லை. 2008 அக்டோபர் 9-ல் எஸ்&பி 910-ல் இருந்தபோதே கரடி 60% பக்கம் வந்துவிட்டது. அன்று வாங்கியவன் 676 வரை, இன்னொரு 25% இறக்கத்தைப் பார்த்திருப்பான். பேக்டெஸ்டில் அது ஒரு சின்னப் பள்ளம். நிஜத்தில் ஐந்து மாசத் தூக்கம்.

சரி, வாய்ச்சொல்லை விட்டுப் பணம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால்? அதே சங்கம் மாசாமாசம் உறுப்பினர்களின் ஒதுக்கீட்டையும் கேட்கிறது. 2000 மார்ச்சில் பங்கில் 77%, 2009 மார்ச்சில் 41%. இது இன்னும் தெளிவான சமிக்ஞை மாதிரித் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் யாருமே எதையும் விற்காவிட்டாலும், விலை பாதியானால் பங்கின் சதவீதம் தானாகக் குறையும். அந்த 41-ல் எவ்வளவு பயம், எவ்வளவு வெறும் வகுத்தல் கணக்கு?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என் சொந்த எக்ஸெல்லைத் திறந்தேன். என் ஒதுக்கீடு 70 பங்கு, 30 கடன். பங்கு 34% விழுந்தால் 70 என்பது 46 ஆகும், மொத்தம் 76, பங்கின் விகிதம் 61%. அதாவது 2020 மார்ச் 23 அன்று என் கணக்கே 'ஒன்பது புள்ளி குறைந்துவிட்டது, வாங்கு' என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான் யாரோ சில நூறு பேர் என்ன சொல்கிறார்கள் என்று வியாழக்கிழமைக்காகக் காத்திருந்தேன். (அந்தச் சில நூறு பேரும் தாமாக வந்து வாக்களிப்பவர்கள், பெரும்பாலும் வயதான, வசதியான ஆண்கள். அமெரிக்காவின் மனநிலை என்று அதைச் சொல்வதே கொஞ்சம் அதிகம்.)

இப்போதைய ஏற்பாடு சாதாரணமானது. விகிதம் 70-லிருந்து 4 புள்ளி விலகினால் திரும்ப 70. கரடி 50 தாண்டியிருந்தால் கூடவே 3 புள்ளி சேர்த்து 73. அதற்கு மேல் கருத்துக்கணிப்புக்கு அதிகாரம் கிடையாது. 401-கேக்குள்ளேயே மாற்றுவதால் வரியும் இல்லை. அந்த 3 புள்ளி பெரிதாக எதையும் சேர்ப்பதாக என் கணக்குகளில் தெரியவில்லை. வைத்திருப்பது பழைய பாசத்தில்.

2025 பிப்ரவரி கடைசியில் கரடி 60.6%. பழைய விதியாக இருந்தால் மொத்தத்தையும் 5,861-ல் போட்டிருப்பேன். ஏப்ரல் 8-ல் குறியீடு 4,982. புதிய விதி பிப்ரவரியில் வாயே திறக்கவில்லை, ஏப்ரலில்தான் கூப்பிட்டது. அன்று ராத்திரி மனைவி கேட்டாள்: "அந்தச் சர்வேல உங்களைக் கேட்டா என்ன சொல்லுவீங்க?" கரடின்னுதான் சொல்லுவேன் என்றேன். சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து 73-க்கு மாற்றினேன்.