வானியல் படிமங்களில் எல்லைக்கோடும் வண்ணப்பட்டையும்

செப்பனிடப்பட்ட ஃபிட்ஸ் கோப்பில் ஒவ்வொரு படப்புள்ளியும் பெரும்பாலும் 32 பிட் மிதவைப்புள்ளி எண்ணாகும். அச்சுக்குரிய படமாக மாறுகையில் அது 256 படிகளுக்குள் சுருங்குகிறது. மறைந்த அளவை வாசகர் ஏறத்தாழவேனும் மீட்டறிய வண்ணப்பட்டை ஒன்றே துணை. எனவே கட்டளை வரியில் படத்துக்குத் தரும் கீழ்வரம்பு, மேல்வரம்பு, மடக்கை அளவீடு ஆகியவையே பட்டைக்கும் உரியனவாதல் வேண்டும். டிஎஸ்9 மென்பொருள் இரண்டையும் ஒருசேர வரைவதால் இப்பொருத்தம் தானே அமைகிறது. பட்டையைத் தனியே வரைந்து ஒட்டும்போதே முரண் நேர்கிறது. அலகு குறிக்கப்படாத பட்டை வெறும் அலங்காரமே.

எல்லைக்கோடு சிறிய செய்திதான். ஆயினும் நிறம் தலைகீழாக்கப்பட்ட படத்தில் வெண்வானம் வெண்தாளோடு கலந்துவிடும். விண்மீன் திரளின் மங்கிய புறப்பகுதி தானே முடிகிறதா, படச்சட்டத்தால் வெட்டுண்டதா என்பது புலப்படாது. க்னுஆஸ்ட்ரோவின் வடிவமாற்று நிரல் இக்கோட்டை இபிஎஸ், பிடிஎஃப் வெளியீடுகளுக்கு வரைகிறது. தடிமனை அங்குலத்தில் 72இல் ஒரு பங்காகிய அச்சுப்புள்ளி அளவில் தரவேண்டும்.