லாரி ஓட்டுநரும் ஆஷ் மட்டையும்

கிறிஸ்டி ரிங் அயர்லாந்தின் கார்க் நகரில் எண்ணெய் லாரி ஓட்டியவர். 1954-ல் டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் அவர் தலைமையில் கார்க் அணி ஆடிய இறுதியாட்டத்துக்கு 84,856 பேர் வந்தார்கள். மட்டையால் பந்தை அடித்து ஆடும் ஹர்லிங்கில் எந்த ஆட்டத்துக்கும் அதைவிடப் பெரிய கூட்டம் இன்றுவரை கூடியதில்லை. ஆனால் ஆடியதற்கென்று சம்பளம் எதுவும் கிடையாது. 1884-ல் தர்லஸ் ஊரில் தொடங்கப்பட்ட, ஹர்லிங்கை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் இன்றும் வீரர்களுக்குச் சம்பளம் தருவதில்லை; எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் பிழைப்புக்கு வேறு வேலை வேண்டும்.

புகைப்படத்தில் பார்த்தால் ஹர்லிங் ஹாக்கி போலத் தெரியும். ஆட்டம் தொடங்கியதும் அந்த நினைப்பு போய்விடும், ஏனென்றால் பந்து பெரும்பாலும் தலைக்கு மேலேதான் பறக்கிறது. அணிக்குப் பதினைந்து பேர். தக்கையை நடுவில் வைத்துத் தோல் தைத்த பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர். எடை 110 முதல் 120 கிராம், கிரிக்கெட் பந்தைவிடக் குறைவு. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் நேரடியாக எடுக்கக் கூடாது. மட்டை நுனியால் நெம்பிக் கைக்குக் கொண்டுவர வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் வைக்க முடியாது. மட்டை மேல் பந்தை ஏந்தியபடி எவ்வளவு தூரமும் ஓடலாம். கோல் கம்பங்கள் ஆங்கில எழுத்து ‘எச்’ வடிவில் நிற்கும். குறுக்குக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் அடித்தால் மூன்று. நெம்புவது, பிடிப்பது, அடிப்பது எல்லாம் எதிராளியின் மட்டை கைக்குக் குறுக்கே வீசப்படும்போதே நடக்கும். தலைக்கவசம் எல்லோருக்கும் கட்டாயமானது 2010-ல்தான். ரிங் காலத்தில் வெறுந்தலையோடு ஆடினார்கள்.

ரிங் 1920-ல் கார்க் மாவட்டத்தின் குளோய்ன் கிராமப் பகுதியில் பிறந்தவர். 1939 முதல் 1963 வரை கார்க் அணியில் ஆடி, எட்டு அகில அயர்லாந்துப் பட்டங்கள் வென்றார். அவற்றில் மூன்று அணித்தலைவராக. ஆனால் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் என்பதற்கு, தோற்றுப்போன 1956 இறுதியாட்டமே எனக்கு நல்ல சாட்சியாகத் தெரிகிறது. அந்த ஆண்டு கார்க்கில் இளம்பிள்ளை வாதம் பரவியதால் ஆட்டம் செப்டம்பர் 23-க்குத் தள்ளிப்போனது. ஒன்பதாவது பட்டம் கைக்கெட்டும் தூரம். கடைசி நிமிடங்களில் ரிங் கோலை நோக்கி அடித்த பந்தை எதிரணியான வெக்ஸ்ஃபோர்டின் கோல்காப்பாளர் ஆர்ட் ஃபோலி தடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எதிர்முனையில் வெக்ஸ்ஃபோர்ட் ஒரு கோல் போட்டது, ஆட்டமும் அவர்கள் பக்கம் போனது. முடிந்ததும், வென்ற அணியின் நிக் ஓடானலும் பாபி ராக்கார்டும் தோற்ற ரிங்கைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைவிட்டு வெளியேறினார்கள்.

இப்படிப்பட்ட ஆட்டத்தைத் தாங்கும் மட்டை சாதாரண மட்டையாக இருக்க முடியாது. அயர்லாந்துக்காரர்கள் அதைக் கமான் என்கிறார்கள். மரபாக ஆஷ் மரத்தில் செய்வது. அதிலும் மரத்தின் எந்தப் பகுதியும் ஆகாது, தரையை ஒட்டிய அடிமரம் மட்டுமே. தண்டு வேராகத் திரும்பும் இடத்தில் மரத்தின் நாரும் சேர்ந்து வளைகிறது. அடிமரத்தை நெட்டுவாக்கில் பலகையாக அறுத்து, உலரவைத்து, அந்த இயற்கை வளைவின்மேல் அச்சை வைத்து வரைந்து வெட்டுவார்கள். அப்படி வெட்டினால் பிடியிலிருந்து தட்டையான நுனிவரை நார் அறுபடாமல் ஓடும். நேரான பலகையில் இதே உருவத்தை வெட்டலாம்தான். வளைவில் நார் குறுக்கே அறுபட்டிருக்கும், இரண்டு மட்டைகள் மோதியதும் அங்கேயே ஒடியும். ஆஷ் நார் நீளமானது, வளைந்துகொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், அதனால் அடியின் வேகம் மணிக்கட்டை அதிகம் தாக்காது. நுனி பிளக்காதிருக்க உலோகப் பட்டை கட்டுவதும் உண்டு. இவ்வளவு செய்தும் மட்டை உடையத்தான் செய்கிறது, ஆட்டத்துக்கு வருபவர்கள் கூடுதல் மட்டையோடுதான் வருவார்கள்.

ரிங் ஓய்வுபெற்ற பிறகும் ஆட்டத்தைவிட்டு விலகவில்லை. 1976, 77, 78 என்று கார்க் தொடர்ந்து மூன்று பட்டங்கள் வென்றபோது அணித் தேர்வாளர்களில் ஒருவராக இருந்தார். 1979 மார்ச்சில் கார்க் நகரத் தெருவில் சரிந்து விழுந்து இறந்தார். கல்லறையருகே இரங்கலுரை ஆற்றியவர் நாட்டின் பிரதமர் ஜாக் லிஞ்ச். பிரதமர் என்ற முறையில் மட்டும் அவர் அங்கே நிற்கவில்லை. 1940-களில் ரிங்கோடு ஒரே அணியில் மட்டை பிடித்தவர் அவர்.

அவர்கள் பிடித்த மட்டைக்கு மரம் தந்த ஆஷுக்கு இப்போது கேடுகாலம். கிளைகளை நுனியிலிருந்து பட்டுப்போகச் செய்யும் ஒரு பூஞ்சை நோய் 2012-ல் அயர்லாந்தில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது; இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. உள்ளூர் மரம் போதாமல் ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து பலகை வரவழைத்தார்கள், அங்கும் அதே நோய். கிளேர் மாவட்டத்துப் பட்டறை ஒன்று மூங்கிலில் மட்டை செய்கிறது, செயற்கைப் பொருள் மட்டைகளும் வந்துவிட்டன. பழைய ஆட்டக்காரர்கள் கையில் பிடித்துப் பார்த்து முகம் சுளிக்கலாம். விதிப்படி தடையில்லை: நுனியின் அகலம் 13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சொல்லும் விதி, மட்டை ஆஷ் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை.