பழைய போறணை: திருத்துவதா, மாற்றுவதா?

எம்மவர்களில் கணிசமானோர் பேக்கரி, ஹோட்டல் தொழிலில் ஈடுபட்டிருக்கின்றனர். இவர்களில் சிலரது கணக்குகளை நான் பார்த்து வருகின்றேன். அடிக்கடி என்னிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி இது: "போறணை பழசாகி விட்டது, திருத்திக் கொண்டே போவதா, புதிதாக வாங்குவதா?" பெரும்பாலும் போறணை நின்றுபோன அன்றுதான் இக்கேள்வி வரும். பிசைந்த மா புளித்துக் கொண்டிருக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவு கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்காது. எனவே போறணை நன்றாக வேலை செய்யும் நாளிலேயே இக்கணக்கைப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பழுது எங்கே இருக்கின்றது என்று பாருங்கள். சூடேற்றும் கொயில், தேமோஸ்டாட், கதவு ரப்பர், விசிறி மோட்டார் என்பன கழற்றி மாற்றக்கூடிய பாகங்கள். இவை பழுதானால் போறணை பழசு என்று அர்த்தமில்லை. ஆனால் சுவருக்குள் இருக்கும் வெப்பக்காப்புப் பஞ்சு உட்கார்ந்து விட்டால், உட்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், கதவுச் சட்டம் கோணினால் அது உடம்பு நோய். அதற்குப் பாகம் மாற்றுவது நீண்ட நாளைக்கு உதவாது.

இதை நீங்களே சோதிக்கலாம். போறணை ஆறியிருக்கும்போது கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். இலகுவாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தேய்ந்து விட்டது. பின்னர் தட்டு நிறையப் பாண் துண்டுகளை அடுக்கிச் சூடாக்குங்கள். ஒரு மூலை கருகி மறுமூலை வெளுத்திருந்தால் கொயிலையும் விசிறியையும் பார்க்க வேண்டும். இறுதியாக, தேவையான சூடு ஏறிய பின்னர் தேமோஸ்டாட் விளக்கைக் கவனியுங்கள். நல்ல போறணையில் அது அணைந்து அணைந்து எரியும். வெளிச்சுவர் கையை வைக்க முடியாதளவு கொதித்து, விளக்கும் அணையாமல் எரிந்தால், நீங்கள் கட்டும் மின்கட்டணம் சுவர் வழியாக வெளியேறுகின்றது.

இந்தக் கடைசி விடயத்தைத்தான் எம்மில் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. திருத்துபவரின் பில் கண்ணுக்குத் தெரியும், வீணாகும் மின்சாரம் தெரியாது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் குறைப்புகளும் அதிகரிப்புகளும் மாறி மாறி வந்தன. மலிவான மின்சாரத்தில் பொறுத்துக்கொண்ட போறணையை இன்று அவ்வாறு பொறுக்க முடியாது.

உதாரணமாக ஒரு கணக்கைப் பார்ப்போம். பழைய போறணை மணிக்கு 2 அலகு மேலதிகமாக இழுக்கின்றது, நாளுக்கு 10 மணித்தியாலம், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 520 அலகு, வருடம் 6,240 அலகு. அலகு 40 ரூபா என்றால் வருடத்துக்கு 249,600 ரூபா. இதனுடன் வருடாந்தத் திருத்தச் செலவு 180,000 ரூபா. போறணை நின்ற நான்கு நாட்களில் இழந்த இலாபமும் வேலையாட்களுக்குக் கொடுத்த சம்பளமும் 60,000 ரூபா. மொத்தம் 489,600 ரூபா. புதிய போறணை 9 இலட்சம் என்றால், போட்ட முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பி விடும். இங்கே மாற்றுவதே இலாபம்.

மாறாக, உடம்பு நல்லது, கொயிலும் ரப்பரும் மாற்ற 45,000 ரூபா, அத்துடன் மின் விரயமும் நின்று விடும் என்றால் யோசிக்காமல் திருத்துங்கள். 9 இலட்சத்தை முடக்குவதை விட அப்பணம் மாவிலும் சீனியிலும் சுழல்வது மேல்.

"போன வருடம்தான் ஒரு இலட்சம் போட்டுத் திருத்தினேன், எப்படி விடுவது?" என்று சிலர் கேட்கின்றனர். போன பணம் போனதுதான். இனிப் போகப்போகும் பணத்தை மட்டும் எண்ணுங்கள்.

ஒரு விடயத்தில் மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது. போறணையைத் தொட்டால் ஷொக் அடிக்கின்றதா, காஸ் சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகிக் கரி படிகின்றதா, உடனே நிறுத்துங்கள். அங்கே நிற்பது உங்கள் வேலையாளின் உயிர்.

வாங்குவது என்று முடிவெடுத்தால் மூன்றைக் கேட்டறியுங்கள். உதிரிப்பாகம் இங்கேயே கிடைக்குமா? உத்தரவாதக் காலத்தில் திருத்த ஆள் உங்கள் ஊருக்கு வருவாரா? உங்கள் மின் இணைப்பு தாங்குமா? 9 கிலோவாட் போறணை ஒன்று சிங்கிள் பேஸில் ஏறத்தாழ 39 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் இணைப்பு அதற்குப் போதாது. த்ரீ பேஸ் எடுக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோன்பு காலமும் பெருநாள் கேக் ஓர்டரும் வருவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே இந்த முடிவை எடுத்து விடுங்கள். அவசரத்தில் வாங்குபவருக்கு விலை பேசும் வாய்ப்பு இருப்பதில்லை.